படத்தைத் திருப்பிப் போட்ட அக்கா

ஓர் ஆளை இல்லாமல் ஆக்கிக் காட்டட்டுமா என்று என்னிடம் கேட்டவர் இந்த உலகத்தில் ஒருவர்தான், எங்கள் ஸ்டூடியோவின் டச்சிங் அக்கா. கேட்டதோடு விட்டாரா? செய்தும் காட்டினார். இல்லாமல் போனது நான்.

மலாக்காவில், காஜா பெராங் சாலையில் நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த காலம் அது. மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று கோப்பிக் கடையெல்லாம் ஒரே பேச்சு. ஸ்டூடியோவில் படம் எடுப்பது நான், பிலிம் கழுவுவது நான். நெகட்டிவின் மேல் கூரான பென்சிலை வைத்து அம்மைத் தழும்பை அழித்து, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை வெளுத்து, முப்பத்தைந்து வயதை இருபத்தைந்தாக்குவது அக்கா. அந்த வேலைக்குத் தொழிலில் டச்சிங் என்று பெயர். நாளடைவில் அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். சம்பளம் கொடுப்பவன் நான் என்பதை அவர் ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்றைக்கு நல்ல மழை. வாடிக்கையாளர் யாரும் இல்லை. அக்கா என்னுடைய நெகட்டிவ் ஒன்றை எடுத்து, அதிலிருந்து இன்னொரு பிலிமில் பாசிட்டிவ் ஒன்று செய்து வைத்திருந்தார். ஒன்றில் என் தலைமுடி வெள்ளை, சட்டை கருப்பு. மற்றதில் முடி கருப்பு, சட்டை வெள்ளை. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றை மெதுவாக நகர்த்தினார். முதலில் என் சட்டை போயிற்று. பிறகு மீசை. கடைசியாக முழித்துக்கொண்டிருந்த கண்களும் போய், ஜன்னலில் வெறும் சாம்பல் நிறம் மட்டும் நின்றது.

"பாத்தீங்களா? தம்பி காலி."

"இதுக்கு ரெண்டு பிலிமை வீணாக்கணுமாக்கா?"

"வீணா? இதுதான் தம்பி ஆன்டிமேட்டர். நம்ம ஒடம்புல இருக்கிற ஒவ்வொரு துகளுக்கும் நேர் எதிரா ஒரு துகள் இருக்குலா. எடை ஒண்ணுதான், மின்சாரம் மட்டும் நேர்மாறு. ரெண்டும் தொட்டுச்சுன்னா ரெண்டுமே இல்ல. இங்க சாம்பல் ஆகுது, அங்க அம்புட்டும் ஒளியா வெடிச்சிரும்."

எதிர்ப்பொருள் என்ற தமிழ்ச் சொல்லை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அக்கா எப்போதும் ஆன்டிமேட்டர் என்றேதான் சொல்வார், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுகிற தோரணையில்.

தோரணை என்றேன் அல்லவா, அதுதான் அவர். எதையும் சந்தேகமாகச் சொல்ல அவருக்குத் தெரியாது. மழை வரும் என்றால் வரும். வராவிட்டால், "இன்னைக்கு வராது" என்று அதே குரலில் சொல்வார். அவர் சரியாகச் சொல்வதும் தப்பாகச் சொல்வதும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்கோ அது பிடித்துப்போய், என்னை விட்டுவிட்டு அவரிடம் போய் யோசனை கேட்பார்கள்.

இந்த விஞ்ஞானமெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், பொட்டலம் கட்டுகிற தாளிலிருந்து. படங்களைச் சுற்றிக் கொடுப்பதற்காகப் பழைய ஆங்கில இதழ்களை நான் கட்டுக்கட்டாக வாங்கிப் போடுவேன். அக்கா கான்வென்ட் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தவர். ஒரு தாளையும் படிக்காமல் வெளியே விடமாட்டார். அவர் ஊரில் இல்லாத ஒருநாள், பாதி படித்து மடித்து வைத்திருந்த கட்டுரையில் ஒரு தாளை நான் ஒரு ஞானஸ்நானப் படத்துக்குச் சுற்றிக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் போனது உஜோங் பாசிரில் இருக்கும் ஒரு போர்த்துகீசிய மீனவக் குடும்பம்.

மறுநாள் அக்கா என்னைத் திட்டவில்லை. என் சைக்கிளை எடுத்துக்கொண்டு உஜோங் பாசிருக்குப் போய்விட்டார். அந்த வீட்டு வாசலில் தாளை விரித்து அதன்மேல் பொடி இறாலைக் காயப் போட்டிருந்தார்களாம். அக்கா குந்தி உட்கார்ந்து இறாலை ஒவ்வொரு வரியாக ஒதுக்கி ஒதுக்கிப் படித்திருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் பயந்துபோய் ஒரு கோப்பியும் கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்தவரின் விரலெல்லாம் இறால் வாடை. "அமெரிக்காக்காரன் எதிர் புரோட்டானையே உண்டாக்கிட்டான் தம்பி. காந்தத்துல நம்ம புரோட்டான் ஒரு பக்கம் வளைஞ்சா அது மறுபக்கம் வளையுதாம்" என்றார். அன்றைக்கு முடிக்க வேண்டிய மூன்று நெகட்டிவ்கள் அப்படியே கிடந்தன.

அவரை வாட்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். பொருள் உண்டாகும்போதெல்லாம் எதிர்ப்பொருளும் சரிக்குச் சரி உண்டாகிறது என்றால், இந்த உலகம் முழுக்க நம் பக்கத்துப் பொருளாகவே இருக்கிறதே, அந்த மறுபாதி எங்கே போயிற்று? "எங்கியோ இருக்கு. முழுசா இருக்கு" என்பார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் ஒருமுறை கிண்டலாக, உங்கள் மறுபாதியும் அங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. இங்க வந்தா ரெண்டு பேரும் வெடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவினார்.

இப்போது எங்கள் ஸ்டூடியோவின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வியாபாரம் ஓஹோவென்று நடந்ததே அதனால்தான்.

கல்யாணப் படத்தில் பெண் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும். இதில் நம்மவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பக்கத்தில் கம்போங் சிட்டியிலிருந்து வருகிற மலாக்காச் செட்டிகள் தமிழ் மறந்து மலாயில்தான் பேசுவார்கள், அவர்களும் இந்த ஒன்றில் கறாராக இருப்பார்கள். என் ஸ்டூடியோவிலோ பெரிய ஜன்னல் எதிர்ப்பக்கத்தில் அமைந்துவிட்டது. பெண்ணை முறைப்படி நிறுத்தினால் வெளிச்சம் எல்லாம் மாப்பிள்ளைக்குப் போகும், பெண் இருட்டில் நிற்பாள். விளக்குப் போட்டால் சூட்டில் பவுடர் வழியும். நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அக்காதான் வழி சொன்னார்.

"பொண்ண ஜன்னல் பக்கமே நிறுத்துங்க. பிரிண்டு போடறப்ப பிலிமைத் திருப்பிப் போட்டுருவோம். எடப்பக்கம் வந்துரும்."

"ஆளுங்களும் திரும்பிருவாங்களேக்கா?"

"திரும்பட்டும். ஒலகத்துக்கு எடம் வலம் எல்லாம் தெரியாது தம்பி. கண்ணாடில தெரியறதும் நெசந்தான். விஞ்ஞானமே அதான் சொல்லுது."

அப்படித்தான் ஆரம்பித்தோம். சாதாரணப் படங்கள் நேராக, கல்யாணப் படங்கள் திருப்பி. பெண்ணை ஏன் இந்தப் பக்கம் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டால், கேமரா அப்படி, படத்தில் சரியாக வந்துவிடும் என்று சொல்லிவிடுவோம். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நடந்ததோ வேறு. "உங்க கடைப் படத்துலதான் நான் நானா இருக்கேன்" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. தன் முகத்தை மனிதன் கண்ணாடியில்தானே தினமும் பார்க்கிறான்? திருப்பிய படம் அவனுக்குப் பழகிய முகம். முந்தானை தோள் மாறியிருப்பதும், கைக்கடிகாரம் கை மாறியிருப்பதும் உறுத்தவே இல்லை. மனைவியின் முகம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருப்பதாகச் சில மாப்பிள்ளைகள் சொல்வார்கள். கல்யாணம் ஆன புதிதில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் சமாளித்துவிடுவேன்.

நான்கு வருஷம் இப்படி ஓடியது. எத்தனை பெண்கள், எத்தனை மாப்பிள்ளைகள். காஜா பெராங்கில் பாதி வீட்டுச் சுவரில் நாங்கள் திருப்பிய படம் தொங்கியது.

ஐம்பத்தேழாம் ஆண்டு நடுவில் ஒரு கட்டு இதழ் வந்தது. அக்கா மத்தியானம் சாப்பிடாமல் படித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை என்பதால் காய்ச்சலோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கடையைத் திறக்கும்போதே சொன்னார்.

"தம்பி, ஒலகத்துக்கு எடம் வலம் தெரியும்."

"என்னாக்கா?"

"பம்பரம் மாதிரி சுத்துற அணு. அதை ரொம்பக் குளுரவெச்சு, எல்லாத்தையும் ஒரே பக்கமா சுத்தவெச்சுப் பாத்திருக்காங்க. அதுலேருந்து துகள் தெறிக்குது. கீழ்ப்பக்கமாத்தான் அதிகம் தெறிக்குது. இதையே கண்ணாடில பாத்தா எப்படி இருக்கும்? சுத்துறது மறுபக்கமா மாறிரும். தெறிக்கிறது மட்டும் அதே கீழ்ப்பக்கம். அப்படி ஒரு அணு நம்ம ஒலகத்துல கெடையாது. அப்ப கண்ணாடில தெரியறது நம்ம ஒலகம் இல்ல. நான் சொன்னது தப்பு."

தப்பு என்பதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, சரி என்று சொல்வதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே குரல், அதே நிமிர்ந்த தலை. சொல்லிவிட்டு, "இனிமே கல்யாணப் படம் திருப்ப வேணாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கோ ஓர் அணு கீழே தெறிக்கிறது என்பதற்காக நான் ஜன்னலை இடித்துக் கட்டவா? யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாரும் சந்தோஷமாகத்தானே வாங்கிப் போகிறார்கள்?

"சந்தோஷமா இருந்தா திப்பு பண்ணலாமா?" என்றார். ஏமாற்று வேலையை மலாயில் அப்படித்தான் சொல்வோம். எனக்குச் சுருக்கென்றது. என் கடையில் உட்கார்ந்துகொண்டு என்னையே சொல்கிறாரே என்று பல்லைக் கடித்தேன்.

அன்றிலிருந்து அவர் திருப்பவில்லை. நான் இருட்டறைக்குள் போய் நானே திருப்பிப் போட்டேன். அவருக்குத் தெரியும். என்னிடம் கேட்கவில்லை, ஆனால் பேச்சுக் குறைந்துவிட்டது. அவ்வப்போது தனக்குத்தானே ஏதாவது சொல்லிக்கொள்வார். கண்ணாடியில் திருப்புவதோடு பொருளை எதிர்ப்பொருளாகவும் மாற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று சிலர் சொல்கிறார்களாம். வேறு சிலர், கண்ணாடி உலகத்துக்கென்றே தனித் துகள்கள் இருக்கலாம், அவை நம்மைத் தொடாது, நமக்குத் தெரியாது, எடை மட்டும் இருக்கும் என்கிறார்களாம். "அங்க ஒரு ஸ்டூடியோவுல ஒருத்தி படத்த நேரா போட்டுக்கிட்டு இருப்பா" என்று என் காதில் விழும்படி சொன்னார்.

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். பத்து பெரெண்டாம் ஊர்ப்பக்கத்து கித்தா தோட்டத்தில் ரப்பர் ஏற்றும் லோரி ஓட்டுகிற ஒருவர் கடைக்கு வந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் கல்யாணப் படம் எடுத்தவர். மனைவி பிரசவத்துக்காகத் தமிழ்நாட்டில் தாய் வீட்டுக்குப் போனவள். ஆண் குழந்தை பிறந்தது. பிறகு அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. அதற்குள் வெள்ளத்தில் வீடு போய், அவளுடைய பழைய காகிதங்களும் போயின. இப்போது புது பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு திரும்பி வர மனுப் போட்டிருந்தார்கள். மனைவிதான் என்பதற்குச் சான்றாக எங்கள் கடையில் எடுத்த கல்யாணப் படத்தை மனுவோடு வைத்திருந்தார் இவர்.

"இமிகிரேசன் ஆபீஸ்லேருந்து சூராட் வந்திருக்கு மொதலாளி" என்று ஒரு கடிதத்தை நீட்டினார். கல்யாணப் படத்தில் பெண்ணுக்கு மச்சம் இடது கன்னத்தில் இருக்கிறது, பாஸ்போர்ட் படத்தில் வலது கன்னத்தில் இருக்கிறது, இருவரும் ஒரே ஆள்தானா, இரண்டு வாரத்துக்குள் விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளப்படும் என்று எழுதியிருந்தது. அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. ஒருத்தி பெயரில் வேறொருத்தியைக் கொண்டுவருவது அந்தக் காலத்தில் நடந்துகொண்டுதான் இருந்தது.

கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "வெளிச்சம் விழுந்த விதம் அண்ணே. அதான் அப்படித் தெரியுது."

அவர் நான் சொன்னதைக் கவனிக்கவே இல்லை. பாஸ்போர்ட் படத்தின் பிரதியை மேசையில் வைத்தார்.

"எனக்கே இப்ப தெரியல மொதலாளி, எந்தக் கன்னம்னு. கல்யாணமாகி ஆறு மாசந்தான் ஒண்ணா இருந்தோம். ரெண்டரை வருசமா உங்க படத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இந்தப் படத்துல இருக்கிறவளப் பாத்தா யாரோ மாதிரி இருக்கு." அந்தப் பிரதியைக் கவிழ்த்து வைத்தார். "அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கு. கடுதாசியெல்லாம் வேற யாரோதான் எழுதிக் குடுக்கறாங்க. ஒருவேளை அவ செத்துட்டாளோ, எங்கிட்ட மறைச்சிட்டுத் தங்கச்சிய அனுப்புறாங்களோன்னு தோணுது. அப்படி இருந்தா வரவே வேணாம்னு எழுதிரலாம்னு வந்தேன். அதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு..."

அக்கா பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணே, செத்தவங்க யாரும் இல்ல. உங்க பொண்டாட்டிக்கு மச்சம் வலது கன்னத்துலதான். நான்தான் படத்தத் திருப்பிப் போட்டேன்."

லோரிக்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அக்காவை இருட்டறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். வெளியே தெரிந்தால் கடை மூட வேண்டியதுதான் என்றேன். நெகட்டிவில் மச்சத்தையே அழித்துவிட்டுப் புதுப் படம் ஒன்று போட்டுக் கொடுத்துவிடலாமே என்றுகூடச் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"தழும்ப எத்தனையோ அழிச்சிருக்கேன். மச்சத்தத் தொட்டதில்ல தம்பி. அது பொறப்போட வந்தது" என்றார். "அந்த மனுசன் உசுரோட இருக்கிற பொண்டாட்டிய செத்துட்டான்னு நெனச்சிக்கிட்டு நிக்கிறாரு. உங்களுக்கு கடை பெருசா இருக்கு."

அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். ஆனால் நெகட்டிவ் டப்பாவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் மூவரும் பஸ் பிடித்துப் பட்டணத்து இமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கண்ணாடி போட்ட தமிழ் இளைஞர். அக்கா உட்காரவில்லை. நெகட்டிவை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

"சார், பிலிம் ஓரத்துல கம்பெனிக்காரன் அச்சடிச்ச எழுத்து இருக்கு. அத நேரா படிக்கிற மாதிரி புடிங்க. புடிச்சீங்களா? இப்ப பொண்ணோட மொகத்தப் பாருங்க. நெகட்டிவுல மச்சம் வெள்ளப் புள்ளியாத் தெரியும்."

அதிகாரி பார்த்தார். பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தார். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார்.

"வலது கன்னம்" என்றார்.

"அப்ப படந்தான் தப்பு, பொண்ணு இல்ல."

"சரிம்மா. ஒரு கடை எதுக்குக் கல்யாணப் படத்தத் திருப்பிப் போடணும்?"

அக்கா ஒன்றுவிடாமல் சொன்னார். ஜன்னல், பவுடர், இடப்பக்கம், எல்லாம். உலகத்துக்கு இடம் வலம் தெரியாது என்று தான் நம்பியதையும், அது தப்பு என்று தெரிந்ததையும் சொன்னார். சுற்றுகிற அணுவைப் பற்றியும் ஆரம்பித்தார். நான் இருமித் தடுத்தேன்.

"இந்த ஒரு படம் மட்டுமா?" என்றார் அதிகாரி.

"நாலு வருசமா எல்லாக் கல்யாணப் படமும் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "போன வருசம் நானும் உங்க கடையிலதான் எடுத்தேன்."

"அப்ப உங்களையும் திருப்பியிருக்கேன் சார்" என்றார் அக்கா, கொஞ்சமும் தயங்காமல்.

அதிகாரியின் கை தானாகவே தலை வகிட்டுக்குப் போனது. எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அவரோ சிரித்துவிட்டார். "என் பொண்டாட்டி அன்னைக்கே சொன்னா, படத்துல நான் யாரோ மாதிரி இருக்கேன்னு" என்றார். அக்கா சொன்னதையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார். அக்கா கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன்.

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சுவரிலிருந்து கழற்றிய படங்களோடு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். சிலர் கத்தினார்கள். ஒருவர், தன் மனைவி அன்றைக்கு முறை மாறி நின்றதனால்தான் நாலு வருஷமாக வீட்டில் சண்டை ஓயவில்லை என்றார். அக்கா முன்மேசைக்கு வந்து உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும், "திருப்புனது நான்தான். நேர்ப்படம் ஒண்ணு போட்டுத் தர்றோம், பாருங்க" என்றார். பிற்பாடு திருப்பியது நான் என்பதை ஒரு தடவைகூட வாய் திறந்து சொல்லவில்லை.

நேர்ப்படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "இது நான் இல்லையே" என்பாள் மனைவி. "நீயேதான், அச்சு அசல்" என்பான் கணவன். அவன் தன்னைப் பார்த்துவிட்டு, "நான்தான் கோணலா இருக்கேன்" என்பான். "நீங்க எப்பவுமே அப்படித்தான்" என்பாள் அவள். கடைக்குள்ளேயே சிரிப்பு வந்துவிடும். பெரும்பாலோர் பழைய படத்தையே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். கடை மூடவில்லை. அந்த ஆண்டுக் கடைசியில் ஆள் வைத்து எதிர்ச் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தேன்.

அக்கா பிறகு சிங்கப்பூருக்குப் போய்விட்டார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. எனக்கு வயதாகி, இப்போது என் மகள் கொண்டுவரும் இதழ்களை நான் படிக்கிறேன். கண்ணாடியோடு எதிர்ப்பொருளையும் சேர்த்து மாற்றினாலும் கணக்கு முழுதாக நேராவதில்லை என்று அடுத்த சில வருஷங்களில் கண்டுபிடித்துவிட்டார்களாம். அக்கா சொன்ன மறுபாதி எங்கும் காணோமாம். ஆதியில் பொருள் ஒரு துளி கூடுதலாக இருந்ததால்தான் நாம் மிச்சம் என்கிறார்கள். ஏன் கூடுதல் என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடிப் பொருளையும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அக்கா இருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரு பதிலை அதே குரலில் சொல்லியிருப்பார். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க முடிந்தால் நன்றாயிருக்கும்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது, அவர் சிங்கப்பூர் போவதற்கு முன்னால், தைப்பூசம் முடிந்த வாரத்தில் ஒருநாள். லோரிக்காரர் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கப்பலிலிருந்து இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. புதுப் படம் எடுக்க வேண்டுமாம். அந்தப் பெண்ணின் முகத்தில் ஊர் வந்து சேர்ந்த களிப்பே இல்லை. பையன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். லோரிக்காரர் ஜன்னலைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

நான் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் அக்காவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "வந்ததிலேருந்து என் மொகத்தப் பாக்கவே மாட்டேங்கிறாரு. வேற யாரோ பொம்பள வீட்டுக்கு வந்த மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போறாரு. நான் என்னா பண்ணேன்?"

அக்கா லோரிக்காரரின் தோளைப் பிடித்து, வாடிக்கையாளர்கள் தலை சீவுகிற ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவளையும் பக்கத்தில் நிறுத்தினார்.

"இப்பப் பாருங்கண்ணே."

அவர் கண்ணாடியில் பார்த்தார். மூன்று வருஷம் சுவரில் இருந்தவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள், இடது கன்னத்தில் மச்சத்தோடு. அவர் தோள் குலுங்க அழுதார். அவளும் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு அழுதாள். பையன் எதற்கென்று தெரியாமல் இருவரையும் அண்ணாந்து பார்த்தான்.

அழுகை ஓய்ந்ததும் அக்கா, "போதும்ணே. கண்ணாடில பாத்தது போதும். திரும்புங்க" என்றார்.

திரும்பினார். லோரி ஓட்டிக் காய்த்துப்போன பெருவிரலால் அவளுடைய வலது கன்னத்து மச்சத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்கதான் இருந்திருக்கு" என்றார்.